கட்டுத்தரையில் தொடங்கி வகுப்பறை வரை

கோவை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கற்றல் பற்றிய நடத்தையியல் கோட்பாடுகளை எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம். நாய் என்றால் பாவ்லவ், பூனை என்றால் தார்ண்டைக், எலியும் புறாவும் என்றால் ஸ்கின்னர். விலங்கைச் சொன்னால் ஆள் பேர் வந்துவிடும், மார்க்கும் வந்துவிடும். அந்த வேலைக்கு ஒரு கைடு புத்தகம் போதும், நான் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வுபெற்று, இப்போது காங்கேயத்துப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். சுற்றிலும் மாடு, ஆடு, மயில், எலி, பேரப்பிள்ளைகள். இந்தக் கோட்பாடுகள் வகுப்பறையில் தெரிந்ததைவிட இங்கேதான் துலக்கமாகத் தெரிகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடத்தையியல்காரர்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கவே மாட்டார்கள். கண்ணால் பார்த்தது, எண்ணிக் கணக்கு வைக்க முடிந்தது, அவ்வளவுதான் அவர்களுக்கு. முன்னால் என்ன இருந்தது, அந்த உயிர் என்ன செய்தது, செய்தபின் அதற்கு என்ன கிடைத்தது. 1913இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்பவர் ஒரு கட்டுரை எழுதி, உளவியல் இனி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். மனசை ஒதுக்கிவிட்டு மனிதனைப் படிப்பதா என்று அப்போதும் சண்டை போட்டார்கள், இப்போதும் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பிடிவாதத்தால் ஒரு நன்மை நடந்தது. நாம் என்ன சொல்லிக்கொடுக்க நினைத்தோம் என்பது ஒரு பக்கம், பிள்ளை உண்மையில் என்ன கற்றுக்கொண்டது என்பது இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான்.

மயிலை எடுத்துக்கொள்வோம். தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கம் விவசாயம் செய்கிறவர்களிடம் மயில் என்று சொல்லிப் பாருங்கள், முருகன் வாகனம் என்ற மரியாதை எல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். தக்காளியைக் கொத்துகிறது, நிலக்கடலையைக் கிளறுகிறது, முளைத்த பயிரைப் பிடுங்குகிறது. தேசியப் பறவை, கை வைக்கவும் முடியாது. அதனால் வேலியைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறோம், கேசட் நாடாவை இழுத்துக் கட்டுகிறோம், பட்டாசு வெடிக்கிறோம். முதல் நாள் மயில் வரப்பிலேயே நின்றுவிடும். அப்புறம் எட்டிப் பார்க்கும். கொஞ்ச நாள் போனால் சோளக்கொல்லைப் பொம்மையின் கைமேலேயே உட்கார்ந்து அகவும். திரும்பத் திரும்ப ஒரு சத்தமோ காட்சியோ வந்து, அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றால், உயிர்கள் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். பழகிப்போதல் என்று பெயர். கற்றலிலேயே ஆக எளிய வகை இது. தினமும் ஒரே குரலில் ‘படி படி’ என்று கத்துகிற அப்பாவுக்கும் இதே கதிதான்.

இனி பாவ்லவ். இவான் பாவ்லவ் உளவியல்காரர் அல்லர், உடலியல் மருத்துவர். செரிமானம் எப்படி நடக்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். நாயின் உமிழ்நீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பதற்காக, சிறிய அறுவை செய்து சுரப்பியின் குழாயைக் கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்திருந்தார். ஒரு விஷயம் அவர் கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. சோறு வாய்க்கு வரும் முன்பே, சோறு போடுகிற ஆளைப் பார்த்ததும் நாய்க்கு எச்சில் ஊறியது. இன்னொருவராக இருந்தால் இது தொந்தரவு என்று தள்ளியிருப்பார். பாவ்லவ் செரிமானத்தை ஓரமாக வைத்துவிட்டு மிச்ச ஆயுளை இதற்கே கொடுத்தார். மணி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அவர் தாளக்கருவி, விளக்கு, தோலைத் தொடுவது என்று பலதையும் பயன்படுத்தினார். அந்தச் சத்தம் வந்து, உடனே உணவு வந்தது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தபின், சத்தம் மட்டும் வந்தாலே எச்சில் ஊறியது. இதுதான் ஆக்கநிலையிறுத்தம்.

இதைப் பார்க்க ரஷ்யா வரை போக வேண்டாம். விடியற்காலையில் மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போங்கள். பால்காரர் சைக்கிள் வரும் முன்பே வீட்டில் அம்மா பால் கறக்கிற பாத்திரத்தை, அதாவது போசியை, கழுவுகிற சத்தம் கேட்கும். தவிடும் பருத்திக்கொட்டையும் கலக்கிய தண்ணீரை மாட்டுக்குக் காட்டுவார். மாடு வாயை வைத்ததும் மடியைக் கழுவிக் காம்பை நீவிவிடுவார். பால் இறங்குவதற்கு மாட்டின் மூளையில் இருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்க வேண்டும். கன்று ஊட்டுவதும் கை நீவுவதும் அதற்கு இயற்கையான தூண்டல். ஆனால் தினமும் இதே வரிசையில் நடந்து பழகிய மாட்டுக்குப் போசிச் சத்தம் கேட்டாலே போதும், யாரும் தொடும் முன்பே காம்பில் இருந்து சொட்டுச் சொட்டாகப் பால் விழும். மாடு யோசித்து முடிவெடுத்து இதைச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. அதே மாடு புது ஆள் கறக்க உட்கார்ந்தால் சுரப்பு விடாமல் நிற்கும். நாய் குரைத்து மிரண்டுவிட்டாலும் அப்படித்தான், பயத்தில் வருகிற ஹார்மோன் பாலைத் தடுத்துவிடும். பெரியவர்கள் கட்டுத்தரையில் சத்தம் போடாதே என்று சொன்னதில் உடலியல் இருக்கிறது.

இந்த வரிசையில் நேரம் முக்கியம். சத்தம் முன்னால் வர வேண்டும், உணவு அதன் பின்னாலேயே வர வேண்டும். உணவு போட்டுவிட்டுச் சத்தம் எழுப்பினால், சத்தத்துக்கு எச்சில் விட நாய் பெரும்பாலும் கற்பதில்லை. சத்தம் மட்டும் வந்து உணவு வராமலே போய்க்கொண்டிருந்தால் எச்சில் குறைந்து நின்றுவிடும், அதற்கு மறைதல் என்று பெயர். ஆனால் அழிந்துபோனது என்று நினைக்கக் கூடாது. சில நாள் விட்டு மறுபடி சத்தம் எழுப்பினால் கொஞ்சம் எச்சில் திரும்ப வரும். புகையை விட்டவர்கள் பழைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கை பாக்கெட்டைத் தடவுகிறது பாருங்கள், அதுதான் இது. ஒரு சத்தத்துக்குப் பழகிய நாய் அதைப் போன்ற வேறு சத்தத்துக்கும் எச்சில் விடும். ஒன்றுக்கு மட்டும் உணவு கொடுத்து மற்றதற்குக் கொடுக்காவிட்டால் இரண்டையும் பிரித்துக்கொள்ளும். பொதுமைப்படுத்தல், வேறுபடுத்தல் என்று தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாக வரும்.

பாவ்லவ் வாழ்க்கையில் தேர்வுக்கு வராத ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1924இல் லெனின்கிராடில் பெரிய வெள்ளம். ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டன. நீந்தவைத்துத்தான் காப்பாற்றினார்கள். அப்புறம் பார்த்தால் சில நாய்களுக்குப் பழகியதெல்லாம் போயிருந்தது. பயம், கட்டிவைத்த கற்றலையெல்லாம் கலைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பயத்தையே கற்றுக்கொடுக்க முடியுமா என்று வாட்சன் பார்த்தார். 1920இல் அவரும் ரோசலி ரேய்னரும் வெளியிட்ட சோதனை அது. ஆல்பர்ட் என்று அவர்கள் பெயர் வைத்த, ஒரு வயது நிறையாத குழந்தை. வெள்ளை எலியைக் கண்டு அதற்குப் பயமில்லை, கை நீட்டித் தொடப்போகும். தொடும்போதெல்லாம் பின்னால் இருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். சீக்கிரமே எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. முயலைப் பார்த்தும் அழுதது, ரோமக் கோட்டைப் பார்த்தும் அழுதது. பயத்தைத் தெளியவைக்கும் முன்பே தாய் குழந்தையைக் கூட்டிப்போய்விட்டார். இந்தச் சோதனையை நான் வகுப்பில் எப்போதும் கோபத்தோடுதான் நடத்துவேன். இன்று எந்த நாட்டிலும் இதற்கு அனுமதி கிடைக்காது. ஆனால் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி இதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பீட்டர் என்ற சிறுவனுக்கு முயல் என்றால் பயம். பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிடும்போது முயல் கூண்டை அறையின் அந்தக் கோடியில் வைத்தார். நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொண்டே பீட்டர் சாப்பிட்டான். 1924இல் வெளிவந்தது இது. வாட்சனைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரிவதில்லை. ஊசிக்குப் பயந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறுகிற குழந்தைக்கு, அங்கன்வாடி வாசலிலேயே ஒட்டிக்கொள்கிற குழந்தைக்கு, இன்றும் உதவுவது ஜோன்ஸ் காட்டிய வழிதான். அவசரப்பட்டு முயலைத் தூக்கி மடியில் போட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளரைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1898இல் பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து வெளியே உணவு வைத்தார். பிராண்டும், கடிக்கும், எதேச்சையாக ஒரு கயிற்றை இழுக்கும், கதவு திறக்கும். அடுத்தடுத்த முறை நேரம் குறைந்துகொண்டே வந்தது. பூனை திடீரென்று புரிந்துகொண்டிருந்தால் நேரம் ஒரேயடியாகச் சரிந்திருக்கும். அப்படிச் சரியவில்லை, மெதுவாகவே குறைந்தது. நல்ல விளைவு தந்த செயல் நிலைக்கும், தராதது உதிரும் என்றார். விளைவு விதி என்கிறோம். இதன்மேல்தான் இன்னொரு அமெரிக்க உளவியலாளரான ஸ்கின்னர் வீடு கட்டினார்.

ஸ்கின்னர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் வீட்டில் தினமும் நடப்பது இதுதான். பாவ்லவின் நாய்க்கு எச்சில் தானாக ஊறியது. ஸ்கின்னரின் எலி தானாகவே ஒரு விசையை அழுத்தியது, அழுத்தியதும் உணவு உருண்டை விழுந்தது. அழுத்துவது கூடியது. ஒரு செயலுக்குப் பின்னால் வந்தது எதுவோ, அது அந்தச் செயலை மறுபடி வரவைத்தால், அதற்கு வலுவூட்டல் என்று பெயர். கொடுத்தவர் அதைப் பரிசு என்று நினைத்தாரா இல்லையா என்பது கணக்கில் இல்லை. வகுப்பில் குறும்பு செய்கிற பையனை டீச்சர் திட்டுகிறார், மொத்த வகுப்பும் அவனைத் திரும்பிப் பார்க்கிறது, மறுநாள் குறும்பு கூடுகிறது. டீச்சர் கொடுத்தது தண்டனை என்று அவர் நினைக்கிறார். பையனுக்குக் கிடைத்தது வலுவூட்டல்.

எதிர்மறை வலுவூட்டலைப் பாதிப் பேர் தண்டனை என்றே எழுதுகிறார்கள், பாடம் நடத்துகிறவர்களும் சேர்த்துத்தான். காளைக் கன்று பழக்குகிறவரைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. கயிற்றைப் பிடித்து முன்னால் இழுக்கிறார். கன்று முரண்டு பிடிக்கிறது, கயிறு விறைத்து நிற்கிறது. கன்று ஒரே ஒரு அடி எடுத்து வைத்த நொடியில் கையைத் தளர்த்திவிடுகிறார். அந்தத் தளர்ச்சிதான் கன்றுக்குக் கிடைத்த கூலி. தொந்தரவு நீங்கியதால் ஒரு செயல் கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். கன்றுக்கு அடி விழுந்து ஒரு செயல் குறைந்தால் அது தண்டனை. கைதேர்ந்தவரிடம் பார்க்க வேண்டியது இழுப்பதை அல்ல, விடுகிற நேரத்தை. அரை நிமிஷம் தாமதித்து விட்டால், அந்த அரை நிமிஷத்தில் கன்று தலையை ஆட்டியிருக்கும், பின்னால் நகர்ந்திருக்கும். அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

முதல் நாளே யாரும் வண்டியில் பூட்டுவதில்லை. கயிற்றுக்குப் பழக வேண்டும், நுகத்தடி கழுத்தில் இருக்கப் பழக வேண்டும், பழகின எருதோடு சோடி சேர்ந்து நடக்க வேண்டும், ஒரு கட்டையை இழுக்க வேண்டும், அப்புறம் வெறும் வண்டி, அதன் பின்னாலேதான் பாரம். முழுச் செயலும் வரும்வரை காத்திருக்காமல், அதை நோக்கி வைக்கிற ஒவ்வொரு சின்ன அடிக்கும் கூலி கொடுத்துக்கொண்டே போவது. ஸ்கின்னர் புறாக்களுக்கு இப்படித்தான் பந்து தள்ளக் கற்றுக்கொடுத்தார். உடுமலைப் பக்கம் உருமிச் சத்தத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற சலகெருதை ஒரே நாளில் யாரும் ஆடவைத்ததில்லை. ஆனால் பிள்ளைக்குக் கையெழுத்து மட்டும் ஒரே வாரத்தில் முத்து முத்தாக வந்துவிட வேண்டும் நமக்கு.

இப்போது வீட்டுக்குள் வருவோம். மூன்று வயசுப் பிள்ளை போன் கேட்டு அழுகிறது. அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, மனசு தாங்காது. “அழுகாத கண்ணு, இந்தா போனு” என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். இங்கே இரண்டு பேர் கற்றுக்கொள்கிறார்கள். அழுதால் போன் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது. கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அமுச்சி கற்கிறார். பிள்ளைக்கு நேர்மறை வலுவூட்டல், அமுச்சிக்கு எதிர்மறை. இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். சரி, இனிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்கிறீர்கள். முதலில் அழுகை குறையாது, பெருகும். தரையில் புரளும், தலையை முட்டும். மறைதல் தொடங்கும்போது செயல் ஒருமுறை வெடித்துக் கிளம்பும் என்பது ஆய்வுக்கூடத்தில் பலமுறை பார்த்த விஷயம். பெரும்பாலானவர்கள் சரியாக அந்த உச்சியில் மனசு இளகிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது பிள்ளை கற்றது என்ன? சாதாரணமாக அழுதால் போதாது, புரண்டு அழ வேண்டும். கொடுப்பதென்றால் முதல் கேட்பிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை கொடுக்காதீர்கள். அத்தையும் சித்தப்பாவும் சேர்ந்த வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

எப்போதாவது ஒருமுறை கொடுப்பது எவ்வளவு வலிமையானது என்பதை ஸ்கின்னர் திட்டம்போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. எலிக்கான உணவு உருண்டைகளை அவரே உருட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் கையிருப்பு திங்கட்கிழமை வரை தாங்காது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஏன் கொடுக்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று சிக்கனம் பிடித்தார். எலி அழுத்துவதை நிறுத்தவில்லை. இந்தச் சிக்கனத்தில் கொஞ்சம் நம் ஊர் வாடை அடிக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன். இதில் இருந்து வளர்ந்த ஆராய்ச்சியை ஃபெர்ஸ்டர் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1957இல் பெரிய நூலாகவே போட்டார்.

அதன் சாரத்தைத் திருப்பூரில் பார்க்கலாம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைக்கிறவர், இத்தனை பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. மிஷின் நிற்காமல் ஓடும். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போவார், அடுத்த கட்டை எடுக்கச் சற்று நேரம் ஆகும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கூலி கிடைத்ததும் ஓர் இடைவெளி விழும் என்பதை ஸ்கின்னரின் புறாக்களிடமும் பார்த்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை என்றால் வரைபடம் வேறு மாதிரி. நேரம் நெருங்க நெருங்கத்தான் வேகம் பிடிக்கும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் விளக்கெரிகிற வீடுகள் நினைவுக்கு வரும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், தினமும் தேர்வு. வேகம் குறையவே விடமாட்டார்கள். மார்க் வந்தது, ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிராய்லர் பள்ளி என்ற பேரும் சேர்ந்தே வந்தது. தேர்வு என்ற தூண்டலை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தானாக ஒரு புத்தகத்தைத் தொடுகிறார்கள் என்று அந்தப் பள்ளிகள் கணக்கெடுத்தால் நல்லது.

ஆக வலிமையானது, எத்தனையாவது முறை கிடைக்கும் என்று தெரியாமல் கொடுப்பது. புறா ஓயாமல் கொத்தும், உணவை நிறுத்தினாலும் வெகுநேரம் கொத்தும். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் முன்பு, சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போன தறிக்காரர்களையும் பனியன் தொழிலாளர்களையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடும்பம் சிதைந்தது அவர்கள் புத்தியில்லாதவர்கள் என்பதால் அல்ல. எந்த உயிரையும் பிடித்துவைக்கிற கூலி முறை அது. இன்று அதே முறை போனில் விரலைத் தள்ளத் தள்ள வருகிறது. பத்து வீடியோ சப்பென்று இருக்கும், பதினொன்றாவது சிரிக்கவைக்கும்.

1948இல் ஸ்கின்னர் இன்னொரு வேடிக்கை செய்தார். பசித்த புறாக்களைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 நொடிக்கு ஒருமுறை உணவு வரும்படி வைத்தார். எட்டுப் புறாவில் ஆறு, தனக்கென்று ஒரு சடங்கு பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, ஒன்று மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. உணவு வந்த நேரத்தில் எதேச்சையாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதனால்தான் உணவு வந்தது என்று ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் இதற்கு வேறு விளக்கமும் சொன்னார்கள். ஆனாலும் பரீட்சைக்கு அதே நீலப் பேனாவைத் தேடுகிற பிள்ளையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தண்டனைக்கு வருகிறேன். ஸ்கின்னர் 1938இல் எழுதிய நூலிலேயே இதற்குச் சோதனை இருக்கிறது. விசையை அழுத்தப் பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்தினார். சில எலிகளுக்கு, தொடக்கத்தில் அழுத்தும்போதெல்லாம் விசையே காலில் ஓர் அடி கொடுக்கும்படி செய்தார். அடிபட்ட எலிகள் உடனே அடங்கின. அடி நின்றதும் மறுபடி தொடங்கி, கடைசியில் அடிபடாத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ ஏறக்குறைய அத்தனை முறை இவையும் அழுத்திவிட்டன. அடி அடக்கியது, அழிக்கவில்லை. அத்தோடு பாவ்லவையும் சேர்த்துப் பாருங்கள். கணக்குத் தப்பாகப் போட்டதற்குப் பிரம்படி வாங்குகிற பிள்ளைக்கு அந்த வலி கணக்குப் பாடத்தோடும் கணக்கு வாத்தியாரோடும் ஒட்டிக்கொள்கிறது. தப்பை மறைக்கக் கற்கிறது, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதக் கற்கிறது, வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் இருக்கக் கற்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துவிட்டது. இன்னமும் “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களையும் எட்ட வேண்டும்.

அப்படியானால் அள்ளி அள்ளிப் பரிசு கொடுக்கலாமா? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு மழலையர் பள்ளியில் பார்த்தார்கள். வண்ணப் பேனாவில் படம் வரைவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சிலரிடம் வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு வரைந்து முடித்தபின் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தால், பேரம் பேசி வரைந்த பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். தானாகவே புத்தகம் புரட்டுகிற பிள்ளையிடம் பக்கத்துக்கு ஒரு சாக்லேட் என்று தொடங்காதீர்கள். தொடவே மறுக்கிற பிள்ளைக்குத் தொடக்கத்தில் கொடுக்கலாம், அப்புறம் மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

தானே செய்து பார்த்துத்தான் கற்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஆல்பர்ட் பண்டூரா 1961இல் பதில் சொன்னார். பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையைப் போட்டு அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தாங்களும் அதே மாதிரி அடித்தார்கள், அதே சுத்தியல், அதே சொற்கள். 1965இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். அடித்தவர் தண்டனை வாங்குவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே செய்தார்கள். ஆனால் செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் அச்சுப்பிசகாமல் செய்தார்கள். அதாவது கற்றுக்கொண்டது உள்ளே இருந்தது, வெளியே காட்டவில்லை. மனசை ஒதுக்கிவைத்த கோட்பாட்டுக்கு இது பெரிய இடி.

இன்னொரு இடி ஸ்கின்னரின் மாணவர்களிடம் இருந்தே வந்தது. பிரேலாண்ட் தம்பதி விலங்குகளைப் பழக்குவதைத் தொழிலாகவே செய்தவர்கள். உண்டியலில் காசு போட ரக்கூன் என்ற விலங்கைப் பழக்கினார்கள். ஒரு காசு கொடுத்தால் சமாளித்தது. இரண்டு கொடுத்ததும் அதைப் போடாமல் இரண்டையும் உரசி உரசித் தேய்த்துக்கொண்டே நின்றது. பன்றி காசை வழியில் போட்டு மூக்கால் கிளறியது. உணவு தாமதமாகிறது, கூலி குறைகிறது, இருந்தும் அவை விடவில்லை. 1961இல் இதை எழுதினார்கள். அந்தந்த இனத்துக்கு என்று பிறவியில் வந்த வழக்கம், பழக்கியதை மெல்ல இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எருமையைச் சேற்றுப் பக்கமாக ஓட்டிப்போகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

கடைசியாக எலி. விளைவு உடனே வந்தால்தான் கற்றல் நடக்கும் என்று இதுவரை சொல்லிக்கொண்டே வந்தேன். 1966இல் ஜான் கார்சியாவும் உடனிருந்தவர்களும் அதற்கு ஒரு விலக்கு காட்டினார்கள். இனிப்புத் தண்ணீர் குடித்த எலிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் குமட்டல் வரவைத்தாலும், அந்தச் சுவையை அது அப்புறம் ஒதுக்கியது. ஆனால் தண்ணீரோடு வந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் குமட்டலோடு சேர்க்கவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தால் நேர்மாறு, வெளிச்சமும் சத்தமும் ஒட்டிக்கொண்டன, சுவை ஒட்டவில்லை. வயிற்றுக் கோளாறுக்குத் தின்றதைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்ற கணக்கோடுதான் எலி பிறக்கிறது.

கோபி, பவானிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கு இதனால் தொல்லைதான். துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியை வரப்பில் வைத்தால், புது உணவு என்று எலி துளிதான் கடிக்கும். சாகாமல் வயிறு மட்டும் கலங்கினால் அந்தப் பக்கம் மறுபடி தலைவைக்காது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத பொரியை அதே இடத்தில் வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் மருந்து கலக்கச் சொல்கிறார்கள். புரோமடியோலோன் வகை மருந்து வேறு மாதிரி. தின்று சில நாள் கழித்துத்தான் வேலை செய்யும். அவ்வளவு நாள் முன்னால் தின்றதோடு இதைச் சேர்க்க எலியாலும் முடிவதில்லை, மற்ற எலிகளும் சந்தேகப்படாமல் வந்து தின்னும். எந்த மருந்தானாலும் கோழியும் நாயும் பிள்ளைகளும் எட்டாதபடி வளைக்குள்ளேயே வையுங்கள், செத்த எலியை ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.